பெயர் தெரியாத உப்பைக் கண்டுபிடிப்பது எப்படி: பள்ளி ஆய்வகச் சோதனைகளும் அவை ஏமாற்றும் இடங்களும்

எளிய உப்பு ஒன்றில் தேட வேண்டியவை இரண்டு: ஓர் அமில உறுப்பு (குளோரைடு, சல்ஃபேட் போன்ற எதிர்மின் அயனி), ஒரு கார உறுப்பு (சோடியம், காப்பர், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனி). பள்ளி ஆய்வக அலமாரியில் இருக்கும் வினைக்காரணிகளே இரண்டையும் கண்டுபிடிக்கப் போதும். விடை தவறுவதற்குப் பாடம் தெரியாதது அரிதாகத்தான் காரணமாகிறது. நிறத்தைப் பார்த்ததுமே 'இது இன்ன உப்பு' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஒத்துவரும் சோதனைகளை மட்டும் செய்து பார்ப்பதால்தான் பலரும் தவறுகிறார்கள். வீழ்படிவு, அதாவது கரைசலில் கரையாமல் திரண்டு விழும் திடப்பொருள், வராத சோதனையும் ஒரு விடைதான். 'குளோரைடு இல்லை, சல்ஃபேட் இல்லை, கார்பனேட் இல்லை' என்று வரிசையாக விலக்கிக்கொண்டு வந்தவர், நைட்ரேட் சோதனையில் வரும் பழுப்பு வளையம் மங்கலாகத் தெரிந்தாலும் தைரியமாக எழுதலாம். விலக்காமல் வந்தவருக்குப் பளிச்சென்று வளையம் வந்தாலும் சந்தேகம் தீராது.

இங்கே சொல்லும் முறை, ஆசிரியர் கொடுத்த உப்புக்கு மட்டும் பொருந்தும். அலமாரி மூலையில் கிடக்கும் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிக்குப் பொருந்தாது. பெர்மாங்கனேட், குளோரேட் போன்றவற்றின் மேல் அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தை ஊற்றினால் வெடிக்கும். அப்படிப்பட்ட புட்டியைத் திறக்காமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுவதுதான் முறை.

தொடங்கும் முன்

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த உப்பில் பாதியைத் தனியே மூடி வையுங்கள். கடைசியில் ஏதாவது முரண்பட்டால் திரும்பிச் செய்ய அது வேண்டும். ஒரு சோதனைக்கு உலர் உப்பு என்றால் ஒரு சிட்டிகை, அதாவது 0.1 கிராம் அளவு. கரைசல் என்றால் 1 முதல் 2 மி.லி. வரை. இதற்கு மேல் எடுப்பதால் வீழ்படிவு பெரிதாகத் தெரியுமே தவிர, விடை தெளிவாகாது. வினைக்காரணி போதாமல் போய்ப் புதுக் குழப்பமும் வரும்.

சோதனைக்குழாய்களைக் குழாய்நீரில் கழுவியபின் வாலை வடிநீரால் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். குழாய்நீரில் குளோரைடும் கால்சியமும் இருக்கும், சில ஊர்களில் சல்ஃபேட்டும் இருக்கும். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் வரும் மெல்லிய வெண்கலங்கல் உப்பிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் வெற்றுச் சோதனை செய்யுங்கள்: உப்புக் கரைசலுக்குப் பதில் வெறும் வாலை வடிநீரை எடுத்து, அதே வினைக்காரணிகளை அதே வரிசையில் சேர்த்துப் பார்ப்பது. இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கலங்கலாக இருந்தால் அது விடையாகாது. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். வீழ்படிவே வரவில்லை என்றால், அந்த அயனி இருப்பதாகத் தெரிந்த வேறொரு உப்பில் அதே புட்டியிலிருந்து விட்டுப் பாருங்கள். அங்கும் வரவில்லையானால் குற்றம் புட்டியில்தான்.

சொட்டுக்குழாயின் நுனி சோதனைக்குழாயின் சுவரைத் தொடக் கூடாது. ஒரு புட்டியின் சொட்டுக்குழாயை இன்னொரு புட்டியில் போடுவது ஒரு நாள் வகுப்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

நிறமும் கரைதிறனும்

நீலம் காப்பரைக் காட்டும்; வெளிர்பச்சை ஃபெர்ரஸ் (Fe²⁺) இரும்பையோ நிக்கலையோ; மஞ்சள்-பழுப்பு ஃபெர்ரிக் (Fe³⁺) இரும்பை; இளஞ்சிவப்பு கோபால்ட்டை; மிக மெலிந்த இளஞ்சிவப்பு மாங்கனீசை. காப்பர் கார்பனேட்டும் காப்பர் குளோரைடும் பச்சையாகவே இருக்கும் என்பதால் பச்சையைப் பார்த்ததும் காப்பரை விலக்கிவிட வேண்டாம். வெள்ளை உப்பு என்றால் மேலே சொன்னவை கிட்டத்தட்ட எல்லாமே போய், சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், மக்னீசியம், அலுமினியம், ஜிங்க், லெட் என்று ஒரு பட்டியல் மிஞ்சும். நிறத்தால் இதற்கு மேல் உதவ முடியாது.

கரைதிறன் அதைவிட நிறையச் சொல்லும், ஆனால் பலரும் அதை வெறும் முன்னேற்பாடாகக் கடந்துவிடுகிறார்கள். சிட்டிகை உப்பைக் குளிர்ந்த வாலை வடிநீர் 2 மி.லி.யில் போட்டுக் குலுக்குங்கள். கரையாவிட்டால் சூடாக்குங்கள். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் பள்ளியில் வருகிற அளவில் எல்லாமே கரையும். ஆகவே நீரில் கரையாத பொடி என்றால் அதில் நைட்ரேட்டும் இல்லை, சோடியமும் இல்லை. பெரும்பாலும் கார்பனேட்டாகவோ, சல்ஃபைடாகவோ, பாஸ்பேட்டாகவோ, பேரியம் அல்லது லெட்டின் சல்ஃபேட்டாகவோ இருக்கும். குளிரில் கரையாமல் கொதிநீரில் கரைந்து, ஆறியதும் ஊசி ஊசியாகப் படிந்தால் அது லெட் குளோரைடுக்கு உரிய நடத்தை.

நீரில் கரையாததை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், அதிலும் கரையாவிட்டால் நீர்த்த நைட்ரிக் அமிலத்திலும் போட்டுப் பாருங்கள். கரைந்ததை வைத்து, 1 கிராமுக்கு 20 மி.லி. என்ற கணக்கில் அசல் கரைசல் தயாரித்துக்கொள்ளலாம். எந்த அமிலத்தில் கரைத்தீர்கள் என்பதைக் குழாயிலேயே எழுதி ஒட்டுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த கரைசலில் குளோரைடு தேடுவது வீண் வேலை.

சூடாக்குவதற்கு முன் அம்மோனியம்

செய்முறைக் குறிப்பேடுகளில் உலர்ந்த உப்பைச் சூடாக்கும் சோதனை முதலில் வரும். அம்மோனியத்தை அதற்கும் முன்னால் பார்த்துவிடுவதே நல்லது. அம்மோனியம் நைட்ரேட்டை உலர்நிலையில் சூடாக்குவது ஆபத்து. அது கட்டுமீறிச் சிதையும், வெடிக்கவும் கூடும். சிட்டிகை உப்புடன் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு 2 மி.லி. சேர்த்து இளஞ்சூடு காட்டுங்கள். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாய் வாயின் மேலே, கண்ணாடியைத் தொடாமல் பிடியுங்கள். தாள் சீராக நீலமானால் அம்மோனியம். தாளில் புள்ளி புள்ளியாக நீலம் வந்தால் அது கொதித்துத் தெறித்த காரம். அம்மோனியத்தை ஆரம்பத்திலேயே, அசல் உப்பிலேயே பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பின்னால் கார உறுப்புகளை வரிசையாக வீழ்த்திப் பிரிக்கும் தொகுதிப் பிரிப்பில் நாமே அம்மோனியம் குளோரைடைக் கொட்டப்போகிறோம்.

அம்மோனியம் இல்லை என்று தெரிந்தபின் உலர் சூட்டுக்குப் போகலாம். குழாயின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். படிக நீர் ஆவியாகிக் குளிர்ந்த வாய்ப்பக்கம் துளியாகச் சேரும். அது சூடான அடிக்கு வழிந்தால் குழாய் விரிசல் விடும். கவனிக்க வேண்டியவை சில. நீலப் படிகம் வெளுத்தால் காப்பர் சல்ஃபேட். பச்சைப் பொடி கறுத்தால் காப்பர் கார்பனேட்டாக இருக்கலாம். வெள்ளைப்பொடி சூட்டில் மஞ்சளாகி, ஆறியதும் மறுபடி வெளுத்தால் ஜிங்க் ஆக்சைடு உண்டாகியிருக்கிறது. சூட்டில் செம்பழுப்பாகி, ஆறியதும் மஞ்சளாகவே நின்றால் லெட். பழுப்பு வாயு வந்தால் நைட்ரேட் என்று சந்தேகிக்கலாம். வரவில்லை என்பதற்காக நைட்ரேட்டை விலக்கிவிட முடியாது: சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் பன்சன் சுடரின் சூட்டில் ஆக்சிஜனைத்தான் தரும், தணல் குச்சி பற்றிக்கொள்ளும். கருகிப் புகைந்தால் டார்ட்ரேட் போன்ற கரிமப் பொருள்.

சுடர்ச் சோதனை

பார்க்க அழகானது, ஏமாற்றுவதில் முதலிடமும் இதற்குத்தான். பிளாட்டினம் கம்பியோ நிக்ரோம் கம்பியோ எடுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் காட்டுங்கள். சுடர் நிறம் மாறாமல் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு கடிகாரக் கண்ணாடி எனப்படும் குழிந்த சிறு கண்ணாடித் தட்டில் சிட்டிகை உப்பை அதே அமிலம் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, கம்பியில் தொட்டு, ஒளியற்ற சுடரின் அடிப்பக்க ஓரத்தில் காட்டுங்கள். அமிலம் எதற்கென்றால், குளோரைடுகள் எளிதில் ஆவியாகும். ஆவியானால்தான் நிறம் தெரியும். கார்பனேட்டையோ சல்ஃபேட்டையோ அப்படியே காட்டினால் பல நேரம் ஒன்றுமே தெரியாது.

செங்கல் சிவப்பு கால்சியம், கருஞ்சிவப்பு ஸ்ட்ரான்சியம், இளம்பச்சை பேரியம், நீலப்பச்சை காப்பர், பொன்மஞ்சள் சோடியம், வெளிர் ஊதா பொட்டாசியம். கால்சியம் சட்டென்று மின்னி மறையும். பேரியத்தின் பச்சை வரத் தாமதமாகும். பத்து நொடி கூடப் பொறுக்காமல் கம்பியை எடுத்துவிட்டு 'நிறமில்லை' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

சோடியம்தான் பெரிய தொல்லை. விரலால் தொட்ட கம்பியும், மேசைத் தூசியும், பிற உப்புகளில் கலந்திருக்கும் மாசும் எல்லாமே மஞ்சளாக எரியும். மஞ்சள் ஒரு நொடி தெரிந்து மறைந்தால் அதை மறந்துவிடுங்கள். பல நொடிகள் நின்று எரிந்து, மற்ற எல்லாக் கார உறுப்புகளும் இல்லை என்று தெரிந்தபிறகே சோடியம் என்று எழுதலாம். அந்த மஞ்சள் பொட்டாசியத்தின் ஊதாவை முழுக்க மறைத்துவிடும் என்பதால், கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாக ஒருமுறை பாருங்கள். மஞ்சள் மறைந்து, பொட்டாசியம் இருந்தால் கருஞ்சிவப்புச் சாயல் தெரியும். கண்ணுக்கு இவ்வளவுதான் பிடிபடும். இதே சுடரொளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்த பன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

அமில உறுப்பு: முதலில் நீர்த்த அமிலம்

உலர்ந்த உப்பின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. விட்டு, முதலில் குளிரிலேயே கவனியுங்கள். விறுவிறுவென்று நுரைத்து வாசனையற்ற வாயு வந்தால் கார்பனேட். வாயுவை வளைகுழாய் வழியாகத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் செலுத்துங்கள், பால் போலக் கலங்கும். தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தால் கால்சியம் பைகார்பனேட்டாகி மறுபடி தெளிந்துவிடும்; அந்த நேரத்தில் எட்டிப் பார்ப்பவர் 'கலங்கவில்லை' என்று எழுதிவிடுவார். சல்ஃபைட்டிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைக் கலக்கும். அதற்கு மூக்கைத் துளைக்கும் நெடி உண்டு, அமிலமிட்ட பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைப் பச்சையாக்கும். அழுகிய முட்டை நாற்றமும் லெட் அசிட்டேட் தாள் கறுப்பதும் சல்ஃபைடு. பழுப்பு வாயு நைட்ரைட். இளஞ்சூட்டில் வினிகர் வாசனை அசிட்டேட். முகர்வதென்றால் கையால் விசிறி மூக்கருகே கொண்டுவருவதோடு சரி.

நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தைவிட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இங்கே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் மேல் சல்ஃப்யூரிக் அமிலம் பட்டதும் கரையாத கால்சியம் சல்ஃபேட் மேலே படலமாக மூடி, நுரைப்பு இரண்டொரு நொடியில் நின்றுவிடும். லெட் கார்பனேட்டிடம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தோற்கும்: முதலில் நுரைக்கும், பிறகு லெட் குளோரைடு மூடிக்கொள்ளும், அடியில் வெள்ளைப்பொடி அப்படியே கிடக்கும். நுரைத்து நின்ற வெள்ளைப் பொடியைப் பார்த்தால் புதிய சிட்டிகை எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போடுங்கள். லெட் கார்பனேட்டானால் நுரைத்துக்கொண்டே முழுதும் கரைந்து தெளியும். அந்தத் தெளிந்த கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் வெள்ளை வீழ்படிவு. கொதிக்க வைத்தால் அது கரையும். ஒரே குழாயில் இரண்டு உறுப்புகளும் சிக்கிவிடும்.

அடர் சல்ஃப்யூரிக் அமிலம்

நீர்த்த அமிலத்தில் ஒன்றும் நடக்காதபோதுதான் இது. உலர்ந்த குழாய், சிட்டிகை உப்பு, அமிலம் 1 மி.லி.க்கு மேல் வேண்டாம். இளஞ்சூடு போதும், அமிலம் கொதிக்கக் கூடாது. அளவு மீறிச் சூடானால் அமிலமே வெண்புகை விடும், அதைக் குளோரைடு என்று எழுதிவைப்பார்கள். குளோரைடானால் நெடியுள்ள நிறமற்ற வாயு வரும். அம்மோனியம் ஹைட்ராக்சைடில் (அம்மோனியா கரைசலில்) தோய்த்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் அடர்ந்த வெண்புகை. செம்பழுப்பு ஆவி புரோமைடு. ஊதா ஆவி அயோடைடு. ஸ்டார்ச் தாள் நீலமாகும். பழுப்பு வாயு மெல்ல வந்து, காப்பர் சீவல் ஒரு துண்டு போட்டதும் கூடினால் நைட்ரேட்.

சோதனை முடிந்த குழாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறியபின் அந்த அமிலத்தை நிறையத் தண்ணீர் உள்ள முகவைக்குள் மெல்ல ஊற்றுங்கள்.

சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் இரண்டு அமிலத்துக்கும் அசையாது. அவற்றுக்குக் கரைசல் சோதனைதான்.

கரைசலில் உறுதிப்படுத்துதல்

உப்பு நீரில் கரைந்து, கார உறுப்பு சோடியமோ பொட்டாசியமோ அம்மோனியமோ என்றால் அசல் கரைசலிலேயே செய்யலாம். மற்றவற்றுக்குச் சோடியம் கார்பனேட் சாறு எடுப்பது நல்லது. 1 கிராம் உப்பு, 3 கிராம் சோடியம் கார்பனேட், 15 மி.லி. வாலை வடிநீர், பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். தொல்லை தரும் உலோகங்கள் கார்பனேட்டாக வடிதாளில் நின்றுவிடும், அமில உறுப்பு சோடியம் உப்பாக வடிதாளின் கீழே இறங்கிய கரைசலில் வந்துவிடும். கார்பனேட்டை மட்டும் இந்தச் சாற்றில் தேட முடியாது; போட்டதே நாம்தான்.

இந்தச் சாற்றில் மிச்சமிருக்கும் கார்பனேட்டை அமிலம் விட்டு, நுரைப்பு அறவே நிற்கும்வரை தீர்க்க வேண்டும். எந்த அமிலம் என்பதில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். சில்வர் நைட்ரேட் சோதனைக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம். பேரியம் குளோரைடு சோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பழுப்பு வளையத்துக்கு நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம். மாற்றி விட்டால் விட்ட அமிலத்தையே கண்டுபிடித்துக்கொண்டிருப்போம். அமிலம் போதாமல் விட்டாலும் சில்வர் கார்பனேட்டோ பேரியம் கார்பனேட்டோ வீழ்ந்து ஏமாற்றும். நீல லிட்மஸ் சிவக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சில்வர் நைட்ரேட்டுக்குத் தயிர் போலத் திரளும் வெள்ளை குளோரைடு. நீர்த்த அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரையும். வெளிர்மஞ்சளாக வந்து அரைகுறையாகக் கரைந்தால் புரோமைடு. மஞ்சளாக வந்து கரையவே மறுத்தால் அயோடைடு. மங்கிய விளக்கொளியில் வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது, நிறத்தைவிட அம்மோனியாவில் கரைவதையே நம்புங்கள்.

சல்ஃபேட்டுக்குப் பேரியம் குளோரைடு. வெள்ளை வீழ்படிவு வந்தபின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் 1 மி.லி. சேர்த்துச் சூடாக்கியும் கரையாமல் நிற்க வேண்டும். அசல் கரைசலில் நேராகச் செய்கிறீர்கள், லெட் இருக்கலாம் என்ற சந்தேகமும் இருக்கிறது என்றால், பேரியம் நைட்ரேட்டும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் எடுங்கள். இல்லையேல் லெட் குளோரைடு வீழ்ந்து சல்ஃபேட் வேடம் போடும்.

பழுப்பு வளையம்: கரைசல் 2 மி.லி., அதே அளவு புதிதாகக் கரைத்த ஃபெர்ரஸ் சல்ஃபேட், இரண்டையும் கலந்து குளிரவிடுங்கள். குழாயை நன்றாகச் சாய்த்து, அடர் சல்ஃப்யூரிக் அமிலம் 1 மி.லி.யைச் சொட்டுக்குழாயால் உள்சுவரை ஒட்டி நழுவவிடுங்கள். அமிலம் கனமானதால் அடியில் போய் நிற்கும். குலுக்காமல் நிமிர்த்தித் தாங்கியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் நூல் போலத் தொடங்கி வளையம் பழுக்கும். வளையம் வராததற்கு முதற்காரணம் பழைய ஃபெர்ரஸ் சல்ஃபேட். காற்றில் நின்று ஃபெர்ரிக்காகி மஞ்சளடித்த கரைசல் பயன்படாது. படிகங்களின் மேல் பழுப்புப் பொடி இருந்தால் அதைக் குளிர்ந்த நீரில் அலசிக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பச்சைப் படிகத்தைக் கரையுங்கள். அடுத்த காரணம் அமிலத்தை வேகமாக ஊற்றுவது. கலந்து சூடாகி வளையம் கலைந்துவிடும். நைட்ரைட்டும் பழுப்பு தரும், புரோமைடும் அயோடைடும் நிறத்தைக் கெடுக்கும். அதனால்தான் அவை இல்லை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தில் புகைத்த குளோரைடை உறுதிசெய்யக் குரோமைல் குளோரைடு சோதனையும் உண்டு. அதற்கு வேண்டிய டைகுரோமேட் நச்சானது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சில்வர் நைட்ரேட் சோதனை தெளிவாக வந்திருந்தால் இதைச் செய்யத் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

கார உறுப்பு: குறுக்கு வழி

ஒரே உப்பு, ஒரே கார உறுப்பு என்றால் தொகுதி முறையில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இல்லாமலே பெரும்பாலும் முடித்துவிடலாம். இரண்டு குழாய்களில் அசல் கரைசல் 1 மி.லி. வீதம் எடுத்து, ஒன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் மற்றதில் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைசலில் அமிலம் இருந்தால் முதல் சில சொட்டுகள் அதைத் தீர்ப்பதிலேயே போகும், பொறுங்கள்.

சொட்டுச் சொட்டாக என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிங்க் கரைசலில் முதல் இரண்டு மூன்று சொட்டுக்கு வெள்ளைக் கூழ் திரளும். இன்னும் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் ஓரத்திலிருந்து கரைந்து தெளிந்துவிடும். ஒரேயடியாக 2 மி.லி. ஊற்றியவர் அந்தக் கூழைப் பார்த்திருக்கவே மாட்டார். தெளிந்த குழாயைப் பார்த்து 'வீழ்படிவு இல்லை, சோடியம்' என்று எழுதுவார்.

- வெள்ளை, இரண்டின் மிகுதியிலும் கரைகிறது: ஜிங்க்.
- வெள்ளை, சோடியம் ஹைட்ராக்சைடின் மிகுதியில் கரைகிறது, அம்மோனியாவில் கரையவில்லை: அலுமினியம் அல்லது லெட். பொட்டாசியம் அயோடைடுக்கு மஞ்சள் வந்தால் லெட்.
- வெள்ளை, இரண்டிலும் கரையவில்லை: மக்னீசியம். வெள்ளையாக வந்து மேல்பரப்பிலிருந்து பழுப்பானால் மாங்கனீசு.
- சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மட்டும் வெள்ளை, அம்மோனியாவுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை: கால்சியம்.
- வெளிர்நீலம், அம்மோனியா மிகுதியில் ஆழ்ந்த நீலக் கரைசல்: காப்பர். பச்சையாக வந்து அம்மோனியாவில் நீலமானால் நிக்கல். டைமெத்தில் கிளையாக்சைமுக்கு ரோஜாச் சிவப்பு வருகிறதா என்று பாருங்கள்.
- அழுக்குப் பச்சை, நிற்க நிற்கப் பழுப்பு: ஃபெர்ரஸ். செம்பழுப்பு: ஃபெர்ரிக்.
- இரண்டுக்குமே ஒன்றுமில்லை: சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், நீர்த்த கரைசலில் பேரியமும்.

பழைய சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகியிருக்கும். அப்போது பேரியமும் வெள்ளையாகக் கலங்கும். அம்மோனியாப் புட்டியோ திறந்து திறந்து மூடியதில் வலுவிழந்திருக்கும்; எவ்வளவு விட்டாலும் ஜிங்க் கரையாது, காப்பர் ஆழ்நீலமாகாது. மூடியைத் திறந்ததும் நெடி வராத அம்மோனியாவைப் பயன்படுத்தாதீர்கள்.

தொகுதி வழி

இரண்டு மூன்று கார உறுப்புகள் இருக்கலாம் என்றால் தொகுதி முறைதான். இதில் வரிசை மாறக் கூடாது. பின்னால் வரும் தொகுதியின் வினைக்காரணி முன்னால் உள்ள தொகுதிகளையும் சேர்த்து வீழ்த்தக்கூடியது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் வீழ்ந்ததை வடிகட்டி எடுத்துவிட்டு, இறங்கிய கரைசலோடுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதல் தொகுதிக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: லெட் வெள்ளையாக வீழும். லெட் குளோரைடு அறை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் வரை கரையக்கூடியது. கரைசல் நீர்த்ததாக இருந்தால் இங்கே ஒளிந்துகொண்டு, இரண்டாம் தொகுதியில் கறுப்பாகத் தலைகாட்டும். உறுதிக்கு, வீழ்படிவைக் கொதிநீரில் கரைத்துப் பொட்டாசியம் அயோடைடு விடுங்கள். வரும் மஞ்சளை மறுபடி கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிட்டால் தங்கத் துகள்களாக மின்னி இறங்கும். வேறெதுவும் இப்படி மின்னாது.

இரண்டாம் தொகுதிக்கு அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டும். இந்த வாயு கூடினால் மூக்கு மரத்துப்போகும், எனவே நாற்றம் நின்றுவிட்டது என்பது பாதுகாப்பின் அடையாளமல்ல. காப்பரும் லெட்டும் கறுப்பு, காட்மியம் மஞ்சள். அமிலம் மிகுந்தால் காட்மியம் வீழாது. குறைந்தால் நான்காம் தொகுதி ஜிங்க் இங்கேயே வந்துவிடும். ஃபெர்ரிக் இரும்போ நைட்ரிக் அமிலமோ இருந்தால் வாயு ஆக்சிஜனேற்றமடைந்து வெறும் கந்தகம் வெளிர்மஞ்சள் பாலாக மிதக்கும். அதைக் காட்மியம் என்று எண்ண வேண்டாம்.

வடிகட்டி இறங்கிய கரைசலைக் கொதிக்கவைத்து அந்த வாயுவை முழுக்க விரட்டி, அடர் நைட்ரிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு விட்டு மறுபடி கொதிக்கவைத்தால் ஃபெர்ரஸ் ஃபெர்ரிக்காகும். பிறகு திட அம்மோனியம் குளோரைடு தாராளமாகப் போட்டு, அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பது மூன்றாம் தொகுதி. அம்மோனியம் குளோரைடு ஹைட்ராக்சைடு அயனியின் அளவை அடக்கிவைக்கும். மறந்தால் மக்னீசியமும் மாங்கனீசும் இங்கேயே விழும். செம்பழுப்பு இரும்பு, வெள்ளைக்கூழ் அலுமினியம். அலுமினியத்துக்கு லேக் சோதனை: கூழை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நீல லிட்மஸ் கரைசல் இரண்டு சொட்டு விட்டு, அம்மோனியாவைச் சுவர் வழியே சொட்டுங்கள். நிறமற்ற நீரில் நீலத் திரள் மிதக்க வேண்டும். குழாய் முழுவதும் நீலமானால் அம்மோனியா கூடிவிட்டது, மறுபடி செய்யுங்கள். இரும்பு ஃபெர்ரஸா ஃபெர்ரிக்கா என்பதை இந்தக் கட்டத்தில் கேட்க முடியாது. புதிதாகக் கரைத்த அசல் கரைசலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடுக்குக் கருநீலம் வந்தால் ஃபெர்ரஸ், தயோசயனேட்டுக்கு இரத்தச் சிவப்பு வந்தால் ஃபெர்ரிக். ஃபெர்ரஸ் உப்பில் எப்போதும் கொஞ்சம் ஃபெர்ரிக் கலந்திருக்கும் என்பதால் மெல்லிய சிவப்பைப் பொருட்படுத்தாதீர்கள்.

நான்காவது, அம்மோனியா கரைசலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு: ஜிங்க் வெள்ளை, மாங்கனீசு தோல்நிறம், நிக்கலும் கோபால்ட்டும் கறுப்பு.

ஐந்தாவது, அம்மோனியம் கார்பனேட். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் வெள்ளையாகவே வீழும். இளஞ்சூடு நல்லது, கொதிக்கவைத்தால் அம்மோனியம் கார்பனேட் சிதைந்து வாயுவாகிவிடும். வீழ்படிவைச் சூடான நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, முதலில் பொட்டாசியம் குரோமேட்: மஞ்சள் வந்தால் பேரியம். வராவிட்டால் புதிய பகுதியில் அம்மோனியம் சல்ஃபேட்: வெள்ளை வந்தால் ஸ்ட்ரான்சியம். அதுவும் இல்லையென்றால் அம்மோனியம் ஆக்சலேட்: வெள்ளை வந்தால் கால்சியம். ஆக்சலேட்டை முதலில் விட்டால் மூன்றுக்குமே வெள்ளை வரக்கூடும், ஒன்றும் தெரியாது.

மிஞ்சிய மக்னீசியத்துக்கு அம்மோனியா கரைசலில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். உடனே வராது; குழாயின் உள்சுவரைக் கண்ணாடித் தண்டால் கீறிவிட்டு ஐந்து பத்து நிமிடம் வையுங்கள், கீறிய கோடுகளில் படிகம் ஒட்டத் தொடங்கும்.

எழுதும் முன் ஒரு கேள்வி

கிடைத்த இரண்டு உறுப்புகளையும் சேர்த்து ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். அந்தப் பெயருடைய உப்பு, நீங்கள் முதலில் பார்த்த கரைதிறனுக்கும் நிறத்துக்கும் ஒத்துவருகிறதா? நீரில் பளிச்சென்று கரைந்த உப்புக்குப் 'பேரியம் சல்ஃபேட்' என்று விடை வந்தால் ஏதோ ஒரு சோதனை பொய். 'கால்சியம் கார்பனேட்' என்று விடை வந்து, உப்பு குளிர்நீரில் கரைந்திருந்தாலும் அப்படியே. எடுத்துவைத்த பாதி உப்பு இதற்குத்தான்.

இரண்டு கார உறுப்புகள் தெளிவாக வந்தால் உடனே உங்களைச் சந்தேகப்படாதீர்கள். அம்மோனியம், ஃபெர்ரஸ், சல்ஃபேட் மூன்றும் வந்தால் மோர் உப்பு. பொட்டாசியம், அலுமினியம், சல்ஃபேட் வந்தால் படிகாரம். இரண்டும் இரட்டை உப்புகள், பள்ளி ஆய்வகத்தில் சாதாரணமாக இருப்பவை.

கழிவு

லெட், பேரியம், குரோமியம், காட்மியம் கலந்தவற்றைத் தொட்டியில் ஊற்றாமல் பெயரெழுதிய கழிவுப் புட்டியில் சேர்த்துவையுங்கள். சல்ஃபைடு உள்ள கழிவில் அமிலம் சேரக் கூடாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். சில்வர் குளோரைடை அம்மோனியாவில் கரைத்த குழாயை அடுத்த நாள் கழுவலாம் என்று விட்டுவைக்கவே கூடாது. அந்தக் கரைசல் நின்றால் தொட்டாலே வெடிக்கும் கறுப்புப் படிவு உண்டாகலாம். சோதனை முடிந்த அதே நிமிடத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, சில்வர் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைக் கழுவுங்கள்.